தள்ளுபடியில் வந்த இசட்4

டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னை ஷோரூம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆண்டுத் தயாரிப்பான பி.எம்.டபிள்யூ ‘இசட்4 எம்40ஐ’ ரக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்காமல் நிற்கிறது, விலையைக் கணிசமாகக் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். ஜனவரி பிறந்துவிட்டால் அதே கார் போன வருடத்து வண்டியாகி மறுவிற்பனை மதிப்பை இழக்கும் என்பதால், இந்தச் சலுகையில் தாராள மனத்தைவிட நாட்காட்டிக்கே பங்கு அதிகம்.

340 குதிரைத்திறன், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின், பத்தே விநாடியில் திறக்கும் துணிக்கூரை என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டிருக்க, நான் குனிந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் படித்தேன்; முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் சொல்லும் அந்த எண், கார் எவ்வளவு காலமாக நின்றிருக்கும் என்பதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். பத்து மாதம். பேட்டரியும் சோர்ந்திருந்தது. புதியது மாற்றித் தருவதாக எழுத்தில் கொடுத்த பிறகே முன்பணம் கட்டினேன்.

தள்ளுபடியில் மயங்கியிருந்த நான், ஆன்ரோடு விலைத்தாளைப் பார்த்ததும் தெளிந்தேன். தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிய காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். அதோடு விற்பவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். வரி 1 சதவீதம் வேறு, ஆனால் அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இருக்கைகள் இரண்டே. காரை ஒருமுறை சுற்றிவந்த மனைவி, "அத்தையை எங்கே உட்கார வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். தெருமுனை வேகத்தடையில் இப்போது, காரின் அடி தட்டிவிடாமல் இருக்க, குறுக்காகத்தான் ஏறி இறங்குகிறேன்.