கீழாநெல்லிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

கண் மஞ்சளாகிவிட்டது, கீழாநெல்லி எவ்வளவு அரைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் அளவு சொல்வதில்லை. ரத்தத்தில் பிலிரூபின் (மஞ்சளைத் தரும் நிறமி), எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) பார்த்தாயிற்றா, எந்த வைரஸ் என்று தெரிந்ததா என்றுதான் முதலில் கேட்பேன். மூலிகை மேல் எனக்கு மதிப்பு உண்டு, அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸால் வந்த காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் தினமும் காலையில் கீழாநெல்லி குடித்திருந்தால் பெயர் அதற்குத்தான் போகும், ஒன்றும் குடிக்காமலே தேறியவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதே மஞ்சள் பித்தநாளத்தில் கல் அடைத்துக்கொண்டாலும் வரும், அதற்கு எந்தச் சாறும் உதவாது, கூடவே காய்ச்சலும் குளிரும் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் இ வந்தாலோ, 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரிழக்கும் அபாயம் இருக்கிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்தான்.

கீழாநெல்லியை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்வது சரியில்லை. 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க்கோடு சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்புறப் புரதம் காணாமல் போனது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. பெரிய நம்பிக்கை கொடுத்த முடிவு அது. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை. செடியிலும் குழப்பம் உண்டு: இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குவதை வைத்துப் பறிக்கிறோம், தண்டு சிவந்த இன்னொரு வகையும் அப்படியேதான் காய்க்கும்.

இன்று எனக்கு அதிகம் கவலை தருவது மாத்திரையாக வரும் செறிவூட்டிய சாறுகள்தான். சமையலில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்து அடைத்த கேப்ஸ்யூல் வேறு. பைப்பரின் குர்குமினைப் பல மடங்கு ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது, அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிரீன் டீ குடிப்பது பிரச்சினையில்லை, அதன் சாற்றை மாத்திரையாக எடுத்து அதிலுள்ள இஜிசிஜி என்ற வேதிப்பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் குடித்த சிலருக்கு கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. என் கருத்து, உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் (சில தைராய்டு நோய்கள் போல) உள்ளவர்கள் சீந்திலைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

கல்லீரலுக்கென்று விற்கும் மில்க் திசில் என்ற செடியின் சிலிமரின் சாற்றுக்கும் அளவான இடம்தான். அதிலிருந்து எடுக்கும் சிலிபினினை விஷக் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஊசியாகப் போடுகிறார்கள், ஆனால் ஹெபடைடிஸ் சி-யில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மருந்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. அந்த நோய்க்கு இப்போது 8 முதல் 12 வாரத்தில் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன, அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கஷாயத்தை நம்பி மாதங்களைக் கழிப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். காமாலை உள்ளவர் பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.