அம்மாவிடம் சாவி இருக்கிறதா?

அப்பா போன பிறகு அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு அழைத்து வந்தோம். மாரத்தஹள்ளியில் ஒன்பதாவது மாடி ஃபிளாட். "இத்தனை வருஷம் உழைச்சது போதும், உட்காரும்மா" என்றோம். உட்கார்ந்தாள். ஆறு மாதம் கழித்தும் உட்கார்ந்தேதான் இருந்தாள்.

அழுகை, புலம்பல் எதுவும் கிடையாது. அதனால்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. வயிறு பொருமுகிறது, கால் எரிகிறது, விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பாள். காபிக்குச் சர்க்கரை போட்டதே மறந்துபோகும். பக்கத்துக் கிளினிக்கில் 'வயசானா அப்படித்தான்' என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பகலெல்லாம் தள்ளாடி, ஒருநாள் பாத்ரூமில் விழப் பார்த்தாள். மறதி நோயோ என்று பயந்து என் மனைவிதான் ஒரு இரவு 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்குப் போன் போட்டாள். தமிழிலேயே பேசலாம். முதியோர் மனநலம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள்.

அங்கே தைராய்டு, பி12 என்று ரத்தப் பரிசோதனை. அப்புறம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல 15 கேள்விகள். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா என்று கேட்டபோது, என் முகத்தைப் பார்க்காமல் "ஆமாம்" என்றாள். மதிப்பெண் 5ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம், அம்மாவுக்கு 11. மனச்சோர்வுதான், மறதிகூட அதனால் இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். வயதானவர்களுக்குச் சோடியம் குறையலாம் என்பதால் நடுவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் வந்தது, பசி வந்தது. ஆனாலும் அதே ஜன்னல், அதே நாற்காலி.

"சோஷியல் வொர்க்கரைப் பாருங்க" என்றபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பென்ஷன் ஃபாரம் நிரப்புகிறவர் என்று நினைத்திருந்தேன். சேலத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஊரில் காலையில் எழுந்ததும் என்ன செய்வீங்க என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கே தெரியாததெல்லாம் வந்தது. தெருவில் மூன்று வீட்டுச் சாவி அம்மாவிடம்தான் இருக்குமாம். அந்தப் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இப்ப இருக்கற வீட்டுச் சாவி அம்மாகிட்ட இருக்கா சார்?"

இல்லை. எங்கள் கதவு இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். அம்மா வெளியே கால் வைத்தால், நாங்கள் வரும்வரை லிஃப்ட் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். இத்தனை மாதத்தில் எங்கள் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

அன்றே சாவி போட்டுக் கொடுத்தேன். காய் வாங்குவது இனி அம்மா பொறுப்பு, வாரம் ஒருநாள் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தார். தமிழ்ப் பேச்சு காதில் விழ வேண்டும் என்றார்.

பஸ்ஸில்தான் சிக்கல். கர்நாடகத்தில் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து சாதாரண பஸ்ஸில் இலவசம். ஆனால் இந்த ஊர் விலாசம் போட்ட அட்டை வேண்டும். ஆதாரை மாற்றிவிடலாமே என்றேன். அம்மா வாயே திறக்கவில்லை. "விலாசத்தை மாத்தினா, ஊர் வீடு முடிஞ்சதுன்னு அவங்களே கையெழுத்துப் போடற மாதிரி சார். அவசரப்படுத்தாதீங்க" என்றார் அந்தப் பெண். இரண்டு மாதம் காசு கொடுத்தே போய்வந்தாள். அப்புறம் ஒருநாள் அவளே, "ரேஷன் கார்டு இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்" என்று ஆதாரை மாற்றக் கிளம்பினாள்.

மாத்திரை இன்னும் ஓடுகிறது. நாமாக நிறுத்தக் கூடாது. அப்பா திதி வந்த வாரம் மறுபடி படுத்துவிட்டாள். ஐந்தாம் நாள் நான் வாங்கி வந்த காலிஃபிளவரில் புழு. திட்டிக்கொண்டே எழுந்தாள்.

கண்டக்டர் தரும் பூஜ்ஜிய டிக்கெட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். காசு கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று காலண்டர் பின்பக்கம் கணக்கு. போன வெள்ளியோடு 840 ரூபாய்.