சிடி ஆஞ்சியோவுக்கு மலையிறங்கும் முன்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து சிடி ஆஞ்சியோவுக்கு (சாய மருந்தை ஊசியில் ஏற்றி, இதய ரத்தக்குழாய்களை சிடி ஸ்கேனில் படம் எடுப்பது) கோவை போகிறவர்கள் கவனத்துக்கு.

படம் தெளிவாக விழ நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-65க்குள் இருப்பது நல்லது. வேகமாகத் துடித்தால் ரத்தக்குழாய் படிக்கட்டு மாதிரி விட்டுவிட்டுத் தெரியும். அடைப்பா, அசைவா என்று சொல்ல முடியாது. அதனால் 12 மணி நேரம் முன்பே டீ, காபி நிறுத்துங்கள். பர்லியாரில் வண்டி நின்றாலும் கட்டஞ்சாயா வேண்டாம். கிரீன் டீயும் டீதான்! (நம்ம ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வதுதான் பெரும்பாடு.)

சாப்பாடு மட்டும்தான் 4 மணி நேரம் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து நீர் வற்றிப் போனால் துடிப்பு ஏறும், ஊசி போட நரம்பும் கிடைக்காது.

ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். துடிப்பைக் குறைக்கத் தரும் மெட்டோபிரோலால் இழுப்பைக் கிளப்பலாம். வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ரத்தக்குழாய் விரிய நாக்கடியில் தரும் நைட்ரோகிளிசரினோடு சேர்ந்தால் பிரஷர் சரிந்துவிடும். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

சாய மருந்து ஏறும்போது உடம்பு சுடும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது. மூச்சைப் பிடிக்கச் சொல்லும் அந்தப் பத்து வினாடியில் பதறி மூச்சு விட்டால் படம் கெட்டது. முடிந்ததும் தலைசுற்றல் வரலாம், பைக்கில் மலையேறாதீர்கள்.