அஞ்சு ரூபாய்த் தாலி

2003 இல், ஆண்டு பத்துப் படிக்கும்போது, ஒன்றரை மாதம் நான் சந்திரமதியாக இருந்தேன். வடமராட்சியில் ஓர் ஆண்கள் பள்ளிக்கூடம். பெண் வேடத்துக்கு ஆள் வேண்டும் என்று நாடக சேர் வகுப்பு வகுப்பாக வந்து மீசை பார்த்தார். எனக்கு அப்போது முளைக்கவில்லை. தகுதி அவ்வளவுதான்.

தமிழ்த்தினப் போட்டிக்கு இசை நாடகம். கூத்தென்றால் ஆடத் தெரிய வேண்டும், மத்தளத்துக்குக் கால் வைக்க வேண்டும். இசை நாடகத்தில் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று சுருதி விலகாமல் பாடி அழுதால் போதும் என்று சேர் எங்களை ஏமாற்றித்தான் சேர்த்தார். எடுத்துக்கொண்டதோ அரிச்சந்திர மயான காண்டம். யாழ்ப்பாணத்தில் அதை எடுப்பது சும்மா விளையாட்டில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து சுடலையில் கோலூன்றி நின்று பாடியதை விடிய விடியக் கோவில் வீதியில் இருந்து பார்த்த சனம் அப்போதும் ஊர் நிறைய இருந்தது. அவர் போனது 1989 இல். ஆனால் எங்கள் அம்மம்மாவுக்கு அவர் நேற்றுத்தான் மேடையை விட்டு இறங்கிப் போனவர். நான் வீட்டில் பாடிப் பழகினால் குசினிக்குள் இருந்து குரல் வரும்: "உது அழுகையில்லையடா, தடிமன்."

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாடிழந்த அரிச்சந்திரன் சுடலை காக்கிறான். அடிமையாக விற்கப்பட்ட சந்திரமதி, பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறாள். சுடுவதற்குக் கூலி கேட்கிறான். இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றாவது கொடு என்கிறான். அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஏனென்றால் அந்தத் தாலி அவள் புருஷன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில்தான் இருவருக்கும் ஒருவரை ஒருவர் விளங்கும், சனமும் மூக்கைச் சிந்தும்.

ஆக, முழு நாடகமும் ஒரு தாலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மம்மாவிடம் கேட்டேன். சுடலை நாடகத்துக்கு வீட்டுத் தாலி கேட்கிறாயோ என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் சேர் தன் சேர்ட் பொக்கற்றிலிருந்து ஒரு அஞ்சு ரூபாய்க் குத்தியை எடுத்தார். மஞ்சளாக, பொன் மாதிரியே மினுங்கியது. சைக்கிள் கடையில் துளை போடுவோம் என்றேன். "அரசாங்கக் காசில ஓட்டை போட்டால் குற்றமடா" என்றுவிட்டு, மஞ்சள் நூலில் செலோரேப்பால் ஒட்டித் தந்தார். சட்டத்தை மதிப்பவர். அது மட்டுமில்லை, போட்டி முடிந்ததும் காசு திரும்ப வேண்டும் என்பதும் அவர் முகத்தில் தெரிந்தது.

லோகிதாசன் ஆண்டு ஏழு. ஒல்லிப் பெடியன். தூக்கச் சுகம் என்றுதான் அவனை எடுத்தோம். பாட்டெல்லாம் நன்றாகப் பாடுவான், சாவதுதான் வராது. படுத்தால் சிரிப்பு, சிரிப்பு அடங்கினால் சொறிவு. "செத்தவன் வயித்தால மூச்சு விடோணும், நெஞ்சால விடக் கூடாது" என்று சேர் ஒரு கிழமை பாடம் எடுத்தார். செத்தவன் மூச்சே விடமாட்டானே என்று அவன் கேட்டதற்கு ஒரு குட்டும் வாங்கினான்.

போட்டியன்று காலை எட்டு மணிக்கே வேடம் போட்டு வேறொரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். எங்கள் முறை வந்தது இரண்டு மணிக்கு. நல்ல கொதி வெயில். கம்பளி நூலில் பின்னிய டோப்பா, அதற்கு மேல் சேலை முக்காடு. கழுத்து வியர்த்து செலோரேப் கழலப் பார்த்தது. அதனால் தாலியைக் கழற்றி லோகிதாசனிடம் கொடுத்து, "கவனமா வைச்சிரு, கூப்பிடேக்க தா" என்றேன். பெற்ற பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது?

எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் ஓடி வந்து நூலைக் கையில் திணித்தான். திரைக்குப் பின்னால் இருட்டு. பார்க்காமலே கட்டிக்கொண்டேன். அவன் உதட்டைத்தான் பார்த்தேன். பாம்பு நஞ்சுக்காக உடுப்புக்குப் போடும் நீலத்தைக் குழைத்துப் பூசியிருந்தோம். இப்போது அது நாவல்பழ நிறத்தில் இருந்தது. வெயிலுக்கு நிறம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடையில் எல்லாம் சரியாகவே போனது. மகனை மடியில் போட்டு, குனிந்து, முகத்தோடு முகம் வைத்துப் பாட வேண்டிய இடம் வந்தது. குனிந்தேன். பிணத்தின் வாயிலிருந்து ரோஸ் எசன்ஸ் மணம் குப்பென்று அடித்தது. நாக்கு செக்கச் சிவந்து கிடந்தது. டோப்பா முடி மறைப்புக்குள் பிணம் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தது:

"அண்ணா... ஐஸ்பழம் குடிச்சிட்டன். பின்னேரம் காசு தாறன்."

(எங்கள் ஊரில் ஐஸ்பழம், ஐஸ்கிறீம் எல்லாம் குடிப்பதுதான், தின்பதில்லை. இது பற்றிக் கொழும்புக்காரரோடு நான் நிறையச் சண்டை பிடித்திருக்கிறேன்.)

எனக்கு உடனே பிடிபடவில்லை. புலம்பிக்கொண்டே ஒரு கையால் கழுத்தைத் தடவினேன். நூல் இருந்தது. செலோரேப்பும் இருந்தது. குத்தி இல்லை. தாயின் தாலியை விற்றுக் குளிர்ந்துபோய்ப் படுத்திருந்தது சவம். தொடையில் பிடித்து ஒரு நுள்ளு நுள்ளினேன். "ஆ" என்றது பிணம். மிருதங்கக்காரப் பெடியன் கெட்டிக்காரன். அந்த "ஆ"வுக்கு மேலேயே ஒரு தீர்மானம் வைத்து மூடிவிட்டான்.

எதிரே அரிச்சந்திரன். அவனுக்கு இது ஒன்றும் தெரியாது. கோலை ஊன்றி, வாயெல்லாம் பல்லாக, உன் கழுத்தில் சூரியனைப் போல ஒளிவிடும் தாலி இருக்கிறதே என்று இழுத்துப் பாடத் தொடங்கினான். விரலை நீட்டியவன் என் கழுத்தைப் பார்த்தான். ஒளிவிட்டது செலோரேப் மட்டும்தான். குரல் நடுவழியில் நின்றது. ஹார்மோனியத்தில் இருந்த சங்கீத சேர் அதே சுரத்தை அமத்திப் பிடித்துக்கொண்டே அவனைப் பார்த்து முழுசினார். வேறு வழியில்லாமல் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த வரியை இரண்டாம் தரமும் பாடினான்.

மண்டபத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல்: "டேய், எங்களுக்குத் தெரியேல்லையடா!"

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பியது. நான் முடிந்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் முன் வாங்கில் இருந்த ஒரு வயதான ஐயா திரும்பிப் பார்த்து, மைக்கே தேவையில்லாத குரலில் சொன்னார்: "உனக்கு எப்பிடியடா தெரியும்? நீயென்ன அவளின்ர புருஷனோ?"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அதற்குப் பிறகு நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. தடிமன் அழுகையா நல்ல அழுகையா தெரியாது, ஆனால் கண்ணீர் உண்மையாகவே வந்தது. லோகிதாசன் வயிறு குலுங்கக் குலுங்கச் செத்துக் கிடந்தான். நல்ல வேளை, நெஞ்சால் மூச்சு விடவில்லை.

இரண்டாம் இடம் கிடைத்தது. முடிவு சொல்லும்போது நடுவர்களில் ஒருவர் எழுந்து, கணவனுக்கு மட்டும் தெரியும் தாலியைச் சபைக்குக் காட்டாமலே விட்ட உத்தியை மிகவும் சிலாகித்தார். இத்தனை காலம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்றார். எங்கள் சேர் எழுந்து, அடக்கமாகக் கும்பிட்டு, அப்படியே இருந்தார். முகத்தில் ஒரு அசைவில்லை. நடிப்பு என்றால் அன்று அவர் செய்ததுதான்.

வெளியே வந்ததும் லோகிதாசனைக் காதில் பிடித்தார். "எங்கையடா அஞ்சு ரூவா?"

"சேர், அதாலதானே பரிசு கிடைச்சது" என்றான் அவன், ஊதா உதட்டோடு.

சேர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காதை விட்டார்.

அடுத்த மாதம் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் அதே நாடகத்தைப் போட்டோம். உத்தியை விடக் கூடாது என்று சேர் இந்த முறை நூலும் வேண்டாம் என்றுவிட்டார். வெறுங்கழுத்தோடு மேடையேறி, மகனை மடியில் கிடத்தி முதல் வரியைக்கூட எடுக்கவில்லை. பாயில் முன்வரிசையில் இருந்த அம்மம்மா எழும்பி நின்றார்.

"பொடி, தாலியை எங்கை துலைச்சனி?"