ஸ்டார்கிராஃப்ட் 2-க்குக் கூட்டம் குறைந்தது ஏன்?

தென் கொரியாவில் படை திரட்டி மோதும் கணினி விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2-இன் போட்டிப் பார்வையாளர் எண்ணிக்கை, 1998-இல் வெளிவந்த முதல் பாகத்தின் உயரத்தை எட்டவில்லை என்பதை வைத்து, அந்த ஆட்டமே தோற்றுவிட்டதாகச் சொல்வோரை என்னால் ஏற்க முடியவில்லை. 2004-இல் பூசான் கடற்கரையில் நடந்த, முதல் பாகத்தின் அணிகள் மோதும் தொடரான புரோலீக்கின் இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் செய்திகள் வந்தன. அந்த அளவுகோலுக்கு முன் எதுவும் சிறியதாகத்தான் தெரியும்.

ஒளிபரப்பு உரிமை குறித்து ஆட்டத்தை உருவாக்கிய பிளிசார்டு நிறுவனத்துக்கும் கொரியத் தரப்புக்கும் இடையே மூண்ட தகராறு 2011-இல்தான் தீர்ந்தது என்பதால், புகழ்பெற்ற வீரர்கள் பலர் பழைய ஆட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் 2012-இல் வந்து சேர்வதற்குள் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற வேறொரு இணைய விளையாட்டு இளைஞர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஆட்டத்தின் அமைப்பிலும் காரணம் உண்டு. முதல் பாகத்தில் ஒரே நேரத்தில் படையில் 12 உறுப்புகளை மட்டுமே தேர்ந்தெடுத்து நகர்த்த முடியும் என்பதால் போர் மெல்ல விரியும். இரண்டாம் பாகத்திலோ மொத்தப் படையும் ஒன்றாகத் திரண்டு மோதுகிறது, பேன்லிங்குகள் என்ற வெடிக்கும் உயிரிகள் உருண்டு வந்து வெடிக்கும் சில நொடிகளில் மரீன்கள் என்ற காலாட்படையைப் பிரித்து ஓட்டத் தவறினால் ஆட்டமே கைநழுவிவிடும். அந்த விரல்வேகம் எனக்கு உயிர். புதிதாகப் பார்ப்பவர் கண்ணுக்கோ அது பிடிபடுவதில்லை. ஆயினும் 2016-இல் புரோலீக் நின்றபின், 2018-இல் பின்லாந்தின் செரால், பிளிசார்டின் பிளிஸ்கான் விழாவில் நடந்த உலக இறுதியை வென்ற முதல் கொரியரல்லாத வீரரானதைப் பார்த்தவர்கள், இந்த ஆட்டம் செத்துவிட்டது என்று சொல்லவே மாட்டார்கள்.