கூரைக்கும் மேசைக்கும் இடையே

அலுவலக உள்வடிவமைப்பு என்பது நிறத்தையும் நாற்காலியையும் தேர்ந்தெடுக்கும் வேலை என்று எண்ணித்தான் இத்துறைக்குப் பலரும் வருகிறார்கள். தொழிலைக் கற்றுக்கொள்வதற்குரிய இடம் ஃபால்ஸ் சீலிங்குக்கு, அதாவது கூரைக்குக் கீழே தொங்கவிடும் பொய்க்கூரைக்கு, மேலேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில், குறிப்பாகப் பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுக்கும் தளம் பெரும்பாலும் வெறும் கான்கிரீட் கூடாகவே நம் கைக்கு வரும். உரிமையாளர் வாடகையின்றி விட்டுத்தரும் சில மாதங்களுக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பதால் தச்சு, மின்சாரம், ஏசி, தீயணைப்பு ஆகிய எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் சைட்டில் நிற்கும். உத்தரத்தின் அடிப்பகுதிக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் யாருடைய குழாய் முதலில் போவது என்பதே அங்கே நாள்தோறும் எழும் வழக்கு. சரிவு இல்லாமல் தண்ணீர் வடியாது என்பதால் ஏசியின் வடிகால் குழாய்க்கே முதல் உரிமை. அடுத்தது, குளிர்காற்றைக் கொண்டுசெல்லும், உருவத்தில் பெரிய டக்ட். மின்கம்பிகளைத் தாங்கிச் செல்லும், வளைத்து எடுத்துச் செல்ல முடிந்த கேபிள் டிரேவுக்குக் கடைசி இடம். இந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர், ஏணியின் மேல் நின்றிருந்த ஏசி ஃபோர்மேன்.

மனிதவளத் துறையின் அறைச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், அதற்கு மேலுள்ள வெற்றிடத்தின் வழியாகச் சம்பளப் பேச்சு பக்கத்து அறைக்குப் போய்விடும். சுவரை மேல்தளம் வரை உயர்த்தி, இருபக்க ஜிப்சம் பலகைகளுக்கு நடுவே கனிமக் கம்பளியை நிரப்பி, குழாய்கள் துளைத்துச் செல்லும் இடங்களை அடைத்தால்தான் அங்கே பேசுவது அங்கேயே நிற்கும். ஆனால் செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் அடிபடுவதும் இதுதான், ஏனெனில் இது புகைப்படத்தில் தெரியாது. வரவேற்பறையின் இத்தாலிய மார்பிளை விட்டுக்கொடுத்தாவது இதைக் காப்பாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் வாதாடுவதை என் கடமையாகவே கருதுகிறேன்.

1968-இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கிய தடுப்புப் பலகை முறை, வேலை செய்பவருக்குத் தாராளமான இடமும் தனிமையும் தர எண்ணியது. அதை வாங்கிய நிறுவனங்களோ அதே பலகைகளை நெருக்கி அடுக்கிக் கூண்டுகளாக்கின. நம் ஊரிலும் ஐந்தடி மேசை நான்கடியாகச் சுருங்கியதை நான் என் வரைபடங்களிலேயே பார்த்திருக்கிறேன். தளத்தின் சதுர அடியை இருக்கைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பவர்கள் ஒருபுறம் இருக்க, அந்த இருக்கையில் ஒன்பது மணி நேரம் உட்காரப் போகிறவருக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் வடிவமைப்பாளரைத் தவிர வேறு யாரும் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகவே ஒப்படைத்த அலுவலகத்துக்கு ஆட்கள் குடியேறிய பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். குளிர்காற்று நேராகத் தலையில் இறங்கும் இடத்தில், சீலிங்கில் காற்று வெளிவரும் டிஃப்யூசரின் வாயை யாராவது அட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த அட்டை சொல்வதை எந்த விருதுக் குழுவும் சொல்லாது. இத்தகைய பார்வையிடலைக் கட்டணத்துக்குரிய பணியாகவே இப்போது எங்கள் ஒப்பந்தங்களில் சேர்த்து எழுதுகிறோம். தயங்கும் வாடிக்கையாளர்கள் உண்டு என்றாலும், ஒருமுறை அதன்படி காற்றோட்டத்தைச் சீர்செய்து கொண்டவர்கள் அடுத்த தளத்துக்கு அதைத் தாமே கேட்டு வாங்குகிறார்கள்.