கான் ஓரத்துச் செடிகள்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 3, நுவரெலியா

நஞ்சுச் செடியைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வேலியிலேயே நிற்கிறது, தலைகீழாகப் பூத் தொங்கும் பெரிய ஊமத்தை. வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் என்று பூ ஒரு சாணுக்கு மேல் நீளம். தரிசில் முளைக்கும் சிறிய ஊமத்தையின் பூ நிமிர்ந்திருக்கும், காயில் முள் இருக்கும். இதன் காய் நீண்டு வழுவழுப்பாக இருக்கும். நஞ்சு இரண்டிலும் ஒரே வகை: அத்ரோபின், ஸ்கோபொலமைன். இலை, பூ, விதை எதுவும் விலக்கல்ல. வாய் வறளும், தோல் சிவந்து சுடும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கட்டும், ஆள் பிதற்றுவார்.

வேலி வெட்டுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்கும், கிட்டத்து எழுத்து மங்கும். ஒற்றைக் கண் இப்படி விரிந்திருந்தால் தலைக்குள் அடியோ என்றுதான் வைத்தியர் முதலில் யோசிப்பார். வேலி வெட்டியதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

நவம்பர் 8, இறம்பொடை

பீலிக்கு (தண்ணீர் விழும் குழாய்க்கு) பக்கத்தில் சேம்பும், அதைப் போலவே இருக்கும் ஹபரல என்ற காட்டுச் செடியும் கலந்து நிற்கின்றன. இலை இரண்டுக்கும் யானைக் காது போலத்தான். முழுதாக வளர்ந்த இலையாகப் பார்த்துத் திருப்புங்கள். சேம்பில் தண்டு இலையின் அடிப்பக்கத்தில், பிளவுக்குச் சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். இலை நுனி தரையைப் பார்க்கும். மேலே தண்ணீர் தெளித்தால் முத்தாகத் திரண்டு உருளும். ஹபரலவில் தண்டு நேராகப் பிளவிலேயே வந்து சேரும், நுனி வானத்தைப் பார்க்கும், இலை பளபளக்கும். வயதான செடிக்கு மண்ணுக்கு மேல் தடித்த அடிமரம் இருக்கும். இளஞ்செடியில் தண்டு சேரும் இடம் ஏமாற்றும். அதனால் குருத்தை வைத்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பச்சையாக மென்றால் இரண்டுமே அரிக்கும், ஹபரல பல மடங்கு. ஊசி வடிவக் கல்சியம் ஒக்சலேட் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் தைத்துவிடுகின்றன. குழந்தை கடித்துவிட்டால் வாயில் இருப்பதைத் துடைத்தெடுத்து, கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த பால் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. தொண்டை வீங்கி மூச்சடைக்கலாம்.

நவம்பர் 9

மணத்தக்காளி. கறுத்துப் பழுத்ததை மட்டும் தின்னலாம். பச்சைக்காயில் சொலனின் உண்டு, வயிற்றைப் புரட்டும். இணையத்தில் மிரட்டும் கறுப்புப் பழப் படங்கள் பெரும்பாலும் பெல்லடோனா என்ற ஐரோப்பியச் செடியுடையவை: அதில் பழம் தனித்தனியாக, அகன்ற நட்சத்திரப் புல்லி மேல் உட்கார்ந்திருக்கும். நம்முடையதில் சிறு பழங்கள் கொத்தாகத் தொங்கும்.

நவம்பர் 16, பதுளைப் பக்கம்

கார்த்திகைப்பூ பூத்திருக்கும்போது யாரும் ஏமாறமாட்டார்கள். அலை அலையாகப் பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்கள், அடி மஞ்சள், நுனி சிவப்பு. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த செடியைப் பிடித்திருக்கும். ஆபத்து கொடி காய்ந்த பிறகு. மண்ணில் கிழங்கு மட்டும் மிஞ்சும்போது வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று தோண்டி அவித்துவிடுகிறார்கள். வத்தாளை நடுவில் பருத்திருக்கும். இது உருண்டு நீண்டு, நுனி கூர்ந்து, கலப்பை போல வளைந்திருக்கும். கொடி இல்லாமல் கிடைத்த கிழங்கைச் சட்டியில் போடக் கூடாது.

அவித்தாலும் இதிலுள்ள கொல்சிசின் அழியாது. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் மோசம். சில மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் பிடிக்கும். அது அடங்கியதும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எலும்பு மச்சை, சிறுநீரகம் பாதிக்கப்படுவது அதன் பிறகுதான். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி கொட்டுவதுண்டு. அறிகுறிக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய செடி இது.

நவம்பர் 17

வாந்தி எடுக்க வைக்க உப்புத்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிருக்கு உலை வைக்கும். இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். எந்தச் செடி, எந்தப் பாகம், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். செடியை இலை, தண்டு, காயோடு பேப்பரில் சுற்றிக் கொண்டுபோங்கள். பொலித்தீன் பையில் வியர்த்து அழுகும். மிச்சச் சோறோ கறியோ இருந்தால் அதையும் கொட்டாதீர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையத்தை வைத்தியர்கள் தொடர்புகொள்ளும்போது முதலில் கேட்கப்படுவது இவைதான்.